தூங்குகிற விசுவாசி

"என்னங்க, மணி எட்டாச்சு."

போர்வை அசையவில்லை.

"என்னங்க, எட்டரை ஆகப்போகுது. இப்ப எழுந்தாத்தான் குளிச்சு பஸ் பிடிச்சு ஆராதனைக்குப் போக முடியும்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. "அஞ்சு நிமிஷம்."

இந்த அஞ்சு நிமிஷத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கூத்துதான். முதல்முறை மெதுவாகக் கூப்பிடுவேன். இரண்டாம் முறை ஃபேனை நிறுத்துவேன். மூன்றாம் முறை போர்வையை உருவுவேன். அந்த மனுஷன் கால்களை மடக்கிக்கொண்டு, போர்வை இல்லாமலே அப்படியே தூங்குவார். எருமை மாட்டின்மேல் மழை பெய்கிற மாதிரி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவள் இல்லை. ஞானஸ்நானம் எடுத்தது என் வீட்டுக்காரர் மட்டும்தான். என் சாமிகள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். நான் விளக்கேற்றுவதற்கு யாரும் என்னை எழுப்புவதில்லை. ஆனால் இவர் கும்பிடுகிற கடவுளுக்கும் சேர்த்து நான்தான் அலாரம் வைக்க வேண்டியிருக்கிறது. எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கூட வேலை பார்த்தவர் ஒருவர் லிஃப்டின் மேல்தட்டிலிருந்து தவறி விழுந்து இவர் கண் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு இவருக்குத் தூக்கமே போய்விட்டது. ராத்திரி முழுக்கக் கூடத்தில் நடப்பார். கண் இரண்டும் குழி விழுந்துவிட்டது. மாத்திரை கொடுத்தார்கள், மந்திரித்தும் பார்த்தோம், எதுவும் கேட்கவில்லை. கம்பெனியில் ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர்காரர்தான் ஒரு நாள் இவரைத் தன்னுடைய சபைக்கு அழைத்துக்கொண்டு போனார். வீடு திரும்பியவர் அன்றைக்குச் சுவரோரம் சாய்ந்தபடியே குறட்டை விட்டுத் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, மனுஷன் தூங்குகிறாரே என்றுதான் எனக்கு இருந்தது.

தூக்கம் வராமல் மதம் மாறிய மனுஷன், பிறகு தூக்கத்தாலேயே ஆராதனைக்குப் போகாமல் ஆனார். இதை யாரிடம் சொல்லி அழ?

போகாவிட்டால் போகட்டும், உனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். என் தம்பியும் அதையேதான் கேட்டான். எனக்கு என்ன வந்ததா? இந்த நம்பிக்கைக்காக நாங்கள் என்னவெல்லாம் இழந்தோம் என்பது எனக்கல்லவா தெரியும்.

இவர் ஞானஸ்நானம் எடுத்தது தெரிந்ததும் என் மாமனார் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார். "அத விட்டுட்டு வா. வந்தா என் புள்ள. இல்லன்னா வராதே." அவ்வளவுதான் பேச்சு. இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வருஷம் அப்படியே ஓடியது. அப்புறம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். இவர் தினமும் டியூட்டி முடிந்து போய் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காருவார். உள்ளே கூப்பிடவே இல்லை. ஒரு நாள் காலையில் மாமனார் போய்விட்டார்.

மூத்த பிள்ளை இவர்தான். கடைசிக் காரியத்தை இவர்தான் செய்ய வேண்டும். அத்தனை பேர் முன்னால் "என் நம்பிக்கைக்கு இது ஒத்துவராது, தம்பி செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். மண்டையைப் பிளக்கிற வெயில். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒருத்தர் காறித் துப்பினார். நான் உள்ளே பாத்திரம் கழுவுகிற சாக்கில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனுஷன் இம்மி அசையவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மாமியார் வெளியே வந்தார். "இனிமே எனக்கு ஒரே புள்ளதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனார். அதிலிருந்து இவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டு வாசப்படி மிதித்ததில்லை.

அன்றைக்கு எனக்கு இவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, சொல்லாமல் இருக்க முடியாது. இந்த ஆள் நடிக்கவில்லை என்று பட்டது. பெற்ற தகப்பனையே விட்டு வெளியே நிற்கிற அளவுக்கு ஒன்று உண்மையாக இருந்தால், அதை நானும் மதிக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் அந்த வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டி வைப்பேன். துணிக்கடையில் நாள் முழுக்க ஊரார் பேன்ட்டுக்குக் கால் மடித்துத் தைத்துவிட்டு வந்து, இதையும் செய்வேன்.

போகப்போக அந்தச் சட்டை சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரைக்கும் அதே கதவில்தான் தொங்கியது. காலரில் தூசி படிந்தது.

எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். முதலில் டியூட்டி என்றார். சரி, லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் ஞாயிறு என்றும் பார்க்க முடியாது. அப்புறம் இடுப்பு வலி என்றார். அப்புறம் மழை. அப்புறம் பாஸ்டர் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போகிறார் என்று குறை. பிறகு போனிலேயே ஆராதனை பார்க்கிறேன் என்று ஆரம்பித்தார். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு முகம் சவரம் செய்வார். அங்கே சபை முழுக்க எழுந்து நின்று பாடும். இவர் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு "ஆமென்" என்பார். கடைசியில் அந்த ஆமெனும் நின்றது.

"என்னங்க, கடவுளுக்குப் போன் பண்ணி லீவு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டால், "உனக்கு இதெல்லாம் புரியாது" என்பார். எனக்குப் புரியாதாம்! நல்லா வாயில வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் சபையிலிருந்து இரண்டு பெண்கள் வீடு தேடி வந்தார்கள். ஒருவர் ஸ்டோர்காரரின் மனைவி. இன்னொருவர் பள்ளிக்கூட டீச்சர். இவர் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லி, குடிக்கக் கொடுத்தேன். இரண்டு பேரும் என்னையே உற்றுப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிற மாதிரி.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், நாங்க உங்களுக்காக ஒவ்வொரு வாரமும் ஜெபிக்கிறோம். உங்க மனசு இளகணும்னு."

"எனக்காகவா? எனக்கு என்ன?"

ஸ்டோர்காரர் மனைவி தயங்கினார். "பிரதர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு சிஸ்டர். நீங்க விடமாட்டேங்கறீங்களாம். ஞாயிறு காலையில வீட்டுல ஒரே சண்டையாம். அவரும் பாவம், எவ்வளவுதான் தாங்குவாரு. கொஞ்சம் விட்டுக்கொடுங்க சிஸ்டர்."

ஞாயிறு காலையில் சண்டை நடப்பது உண்மை. ஆனால் எதற்கு நடக்கிறது? கதவில் தொங்குகிற சட்டையைக் காட்டி, "யார் இத இஸ்திரி போட்டதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வீட்டு மானம் என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு பேரும் கண்ணை மூடி எனக்காக உருகி உருகி ஜெபித்தார்கள். "இந்த மகளின் கல் நெஞ்சை உடைத்தருளும்" என்று டீச்சர் சொன்னபோது, என் நெஞ்சு அல்ல, வீட்டில் ஒரு தட்டு உடையப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் ஆரம்பித்துவிட்டேன்.

"நான் உங்கள தடுக்கறேனா?"

முகம் வெளுத்துவிட்டது. "யாரு வந்தா?"

"யாரு வந்தா என்ன? நான் தடுக்கறேனான்னு கேட்டேன்."

தலையைச் சொறிந்தார். "பாஸ்டர் திடீர்னு கேட்டுட்டாரு. தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது? வாயில அதுதான் வந்துச்சு."

"எத்தனை மாசமா வாயில வந்துட்டிருக்கு?"

"விடேன். அவங்க ஜெபம் பண்ணா உனக்கும் நல்லதுதானே."

பாருங்கள், இந்தப் பேச்சுக்கு என்ன செய்வது? சிரிப்பதா, அடிப்பதா?

"இங்க பாருங்க," என்றேன். "நம்பிக்கை போயிடுச்சுன்னா போயிடுச்சுன்னு சொல்லுங்க. நாளைக்கே உங்கம்மா கால்ல போய் விழுவோம். அவங்களுக்காவது நிம்மதி. இருக்குன்னா எழுந்து போங்க. ரெண்டுல ஒண்ணு. இதுக்கு ஒரு கால், அதுக்கு ஒரு கால்னு நின்னுக்கிட்டு, நடுவுல என்னைக் கொண்டுபோய் வில்லியாக்காதீங்க."

"இருக்கு. உள்ள இருக்கு."

"லிஃப்ட்டுக்கும்தான் உள்ள மோட்டார் இருக்கு. ஏறி நிக்கறவன் மேல போகுதான்னுதானே பார்ப்பான்?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். குளித்துவிட்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். தூங்கியும் விட்டார். கல்லுளிமங்கன்.

என் ஆற்றாமையை எங்கேயாவது கொட்ட வேண்டும். ஓரகத்திக்குப் போன் போட்டேன். கொழுந்தன் வீட்டில்தான் மாமியார் இருக்கிறார் என்பதை அந்த நேரத்துக் கோபத்தில் மறந்துவிட்டேன். "உங்க மச்சான் இப்பல்லாம் சபைப் பக்கமே போறதில்ல, தூங்கறாரு, பழியை மட்டும் என் தலையில போடறாரு" என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஓரகத்தி வாயில் எது நிற்கும்? அன்றைக்கே மாமியார் காதுக்குப் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாகப் போர்வையை உருவிக்கொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் மாமியார் தனியாக, கையில் ஒரு பையோடு நிற்கிறார். பஸ் மாறி வந்திருக்கிறார்.

"வாங்க அத்தை."

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பையை மடிமேல் வைத்துக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கதவில் தொங்கிய சட்டையில் கண் நின்றது.

"எங்க அவன்?"

"உள்ள... தூங்கறாரு அத்தை."

அம்மா குரல் கேட்டதும் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை நாள் நான் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியதற்கு அசையாத மனுஷன், லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கண் கலங்கிவிட்டது. அம்மா காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, வந்துட்டியா?"

மாமியார் முகம் அசையவில்லை. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே? நீ போகல?"

இவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். நல்ல மார்க் வாங்கி வந்த பையன் மாதிரி. "இப்பல்லாம் அவ்வளவா போறதில்லம்மா. சும்மா, எப்பவாவது. உனக்குத்தான் அது பிடிக்காதே."

நானும் நினைத்தேன், இதோ அந்த அம்மாள் அழுதுகொண்டே பிள்ளையைக் கட்டிக்கொள்ளப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று. எனக்குள் ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. இன்னொரு பக்கம் வயிறு எரிந்தது.

மாமியார் மடியிலிருந்த பையைத் தரையில் இறக்கி வைத்தார்.

"அப்ப நான் எதுக்குடா இத்தனை நாள் உன்கிட்ட பேசாம இருந்தேன்?"

இவருக்குப் புரியவில்லை. "அம்மா?"

"உங்கப்பா சாவுக்கு நீ வெளியில நின்னியே, எதுக்கு நின்ன? தூங்கறதுக்கா? பஸ்ல வரும்போது ஜெயிச்சுட்டோம்னுதாண்டா வந்தேன். புள்ள திரும்பிட்டான்னு வந்தேன். இங்க வந்து பார்த்தா நீ எங்கயும் திரும்பல. சும்மா படுத்திருக்க."

"அம்மா, நான் உனக்காக..."

"எனக்காகச் செய்யாதே! எனக்காகச் செய்யறவனா இருந்தா அன்னிக்குச் செஞ்சிருக்கணும்." மூச்சு வாங்கியது அவருக்கு. "ஆஸ்பத்திரியில உங்கப்பாகிட்ட தினமும் சொல்வேன், அவன் மனசு மாறி வந்துடுவான், நீங்க கவலைப்படாதீங்கன்னு. அவருக்கு வாய் கோணிப் போச்சு, பேச்சு சரியா வராது. ஆனா அத மட்டும் தெளிவா சொன்னாரு. 'வரமாட்டான். புடிச்சா விடமாட்டான். என் புள்ள.' அப்படிச் சொல்லிட்டுச் சிரிச்சாருடா. உள்ள கூப்பிட மட்டும் அவருக்கு வீம்பு. அந்த மனுஷன் நம்பிட்டுப் போனத நீ பொய்யாக்கிட்டியே."

இதை இவர் அன்றுவரை கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இவர் தரையில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். மாமனார் இறந்த அன்றைக்குக்கூட இவர் அப்படி அழுததில்லை.

மாமியார் அழ விட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏம்மா, அந்தச் சட்டைய எடு."

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். சபை இருப்பது டயர் கடைக்கு மேல் மாடியில், ஒரு நீளக் கூடத்தில். நாங்கள் போனபோது ஆராதனை பாதி முடிந்திருந்தது. மாமியார் மாடிப்படி வரைக்கும் வந்தார்.

"நான் உள்ள வரமாட்டேன். நீ போ."

இவர் படியேறினார். நான் மாமியாரோடு கீழேயே நின்றேன். அதற்குள் அந்த டீச்சர் மேலிருந்து என்னைப் பார்த்துவிட்டார். கடகடவென்று இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "சிஸ்டர்! நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்களா! கர்த்தர் ஜெபத்தக் கேட்டுட்டாரு பாருங்க, கல்லையும் உடைச்சுட்டாரு!"

என் பொறுமைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. வாயைத் திறந்தேன். அதற்குள் மேலே மைக்கில் இவர் குரல் கேட்டது. சபை முன்னால் மனம் திறந்து சாட்சி சொல்ல எழுந்து நின்றிருக்கிறார் போல. மாடியில் பேசுகிறவர்கள் குரல் தெருவுக்கே கேட்கும்.

"எல்லாரும் என் மனைவிக்காக ஜெபம் பண்ணீங்க. அவங்க என்னைத் தடுக்கல. ஒவ்வொரு வாரமும் எழுப்பினதே அவங்கதான். சட்டை இஸ்திரி போட்டதும் அவங்கதான். நான் பொய் சொன்னேன்."

டீச்சர் என்னைக் கட்டியிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"எங்கப்பா சாவுக்கு நான் கேட்டுக்கு வெளியில நின்னேன். அதுக்கப்புறம் இங்க வந்து உட்கார்ந்தாலே அந்தக் கேட்தான் கண்ணு முன்னால வரும். அதுக்குப் பயந்துதான் தூங்கினேன். தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சுத் தூங்கல. அப்பா என்னைப் பத்தி என்ன நினைச்சுட்டுப் போனாரோன்னு தெரியாம தூங்கினேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எங்கம்மா சொன்னாங்க. கீழ நிக்கறாங்க."

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மைக்கைப் பிடிச்சா அப்பன் மாதிரியே இழுக்கறான்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தண்ணி வச்சிருக்கியா?" என்று கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். அங்கேயே, டயர் கடை வாசலில் நின்று குடித்தார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாமியாருக்கு இன்னும் அந்த மதம் ஆகாது. இவர் செய்தது சரி என்று ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். எங்கள் வீட்டுக்கும் அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் மட்டும் தவறாமல் வருகிறது. எடுத்ததும் நலம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது.

"எழுந்தானா?"

"இல்ல அத்தை."

"காதுல வை."

வைப்பேன். "எழுந்திருடா. நாத்திகனா நீ? சட்டையப் போடு" என்று அந்தப் பக்கம் திட்டு ஆரம்பிக்கும். கிறிஸ்தவனை ஆராதனைக்குக் கிளப்ப இரண்டு இந்துப் பெண்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

இதில் இன்னொரு கூத்து. போன வாரம் நான் சீக்கிரமே விழித்துவிட்டேன். பக்கத்தில் பார்த்தால் இவர் குளித்துத் தலை சீவி, வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பித்தான்கூட மாட்டியாகிவிட்டது. அப்படியே கட்டிலில் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். சட்டை கசங்குகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுந்தாச்சு இல்ல? அப்புறம் என்ன படுக்கை வேண்டியிருக்கு?"

"ஷ்ஷ்," என்றார் கண்ணைத் திறக்காமலே. "அம்மா போன் பண்ணட்டும்."